இஸ்திரி போட்ட தாலி

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கொரு பெருமை இருந்தது. அன்றைக்கு மட்டும் அரைகுறையாகச் செய்திருந்தால் என் மைத்துனனின் கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்திருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டெல்லி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. மனைவி ஜெபா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். துவாரகாவில் வாடகை வீடு. சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். கம்பீரமான வண்டி. தூரத்தில் வரும்போதே தெரு திரும்பிப் பார்க்கும். (சத்தத்துக்காகப் பார்த்தார்கள். அழகுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறை. ஓட ஓடக் குறைந்துகொண்டே வரும். இன்ஜின் அடிக்கிற அதிர்வில் ஒவ்வொரு நட்டாகத் தளர்ந்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்று, காலையில் முழு வண்டியாகக் கிளம்பியது மாலையில் முக்கால் வண்டியாகத் திரும்பும். எங்கள் குடியிருப்பின் காவலாளி, வாசலில் விழுந்து கிடப்பதையெல்லாம் பொறுக்கி ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருப்பார். நான் வீடு திரும்பும்போது பாட்டிலைக் குலுக்கிக் காட்டி, "பாய்சாப், ஆஜ் ஏக் ஔர்" என்பார். இன்றைக்கு இன்னும் ஒன்று. ஒருநாள் ஹாரன் விழுந்தது. ஒருநாள் நம்பர் பிளேட். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிங் வாஷர் போட்டேன். ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கினேன். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு வாங்கிப் போட்டேன். கைவலிக்கும்வரை முடுக்கியதில் ஒரு போல்ட் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. கடைசியில் வீடியோக்கள் பார்த்துத் தேறி, கரோல் பாக்கில் உதிரி பாகக் கடைத்தெருவுக்குப் போய் மரைப் பசை வாங்கினேன். போல்ட்டின் மரையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது. அதில் இரண்டு வகை இருந்தது. பிறகு கழற்ற வேண்டிய இடத்துக்கு நீலம். கழற்றவே வேண்டாத இடத்துக்குச் சிவப்பு. சிவப்புதான் அதிக உறுதி என்று கடைக்காரர் சொன்னதும் நான் சிவப்பை எடுத்தேன். உறுதியானது இருக்கும்போது உறுதி குறைந்ததை எவனாவது வாங்குவானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வண்டியின் சகல போல்ட்டுக்கும் சிவப்பு விட்டேன். அதற்குப் பிறகு காவலாளியின் பாட்டிலில் எதுவும் சேரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரக்குப் பிரிவில் டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் அதிர்வைப் பற்றியும் மரையைப் பற்றியும் பேசினேன். அவர்கள் டீயை வேறிடத்தில் குடிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஜெபாவின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. பெயர் ஜெயசிங். (எங்கள் நாசரேத் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சிங் உண்டு. டெல்லியில் அவனிடம் எல்லோரும் பஞ்சாபியில்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.) பெண் பியூலா, ஜெபாவுடன் ஒரே வார்டில் வேலை பார்ப்பவள். நகரத்தின் நடுவே ஒரு தமிழ்ச் சபையில் காலை ஆராதனையோடு திருமணம். மாப்பிள்ளை வீட்டார் தாலி கொண்டுவர வேண்டும். ஐயர் அதை ஜெபித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுவான். (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள். டெல்லியில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.)

துவாரகாவிலிருந்து அத்தனை தூரம் தாலியை யார் கொண்டுபோவது என்று மாமனார் வீட்டில் பேச்சு வந்தது. மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் தன் கைப்பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் விடவில்லை.

"அத்தை, கைப்பையெல்லாம் கூட்டத்துல பத்திரமில்ல. என் வண்டியில சீட்டுக்குக் கீழ தகரப்பெட்டி இருக்கு. அதுல வச்சா டெல்லியையே பெயர்த்தாலும் அது பெயராது."

அத்தைக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நான் வீட்டு மாப்பிள்ளை. எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை மறுக்கும் வழக்கமே இல்லை. மாப்பிள்ளையைக் கடிந்து பேசும் வழக்கம் அதைவிட இல்லை. "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கல்யாணத்தன்று காலையில் தாலி இருந்த சிறிய வெல்வெட் டப்பாவை என்னிடம் தந்தார். தந்த பிறகும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

அந்தத் தகரப்பெட்டியின் மூடியை ஓர் இரும்புக் குமிழ்தான் பிடித்துக்கொண்டிருக்கும். விரலால் திருகி மூட வேண்டும், திருகித் திறக்க வேண்டும். அந்தக் குமிழ் ஏற்கனவே ஒருமுறை அதிர்ந்து விழுந்து ஊறுகாய் பாட்டிலுக்குப் போய் வந்தது. இன்றைக்கு விழுந்தால் என்ன ஆவது? நான் டப்பாவை உள்ளே வைத்தேன். குமிழின் மரையில் சிவப்புப் பசையை விட்டேன். ஒரு சொட்டு போதும் என்று போட்டிருந்தது. தாலியாயிற்றே என்று தாராளமாகவே விட்டேன். பிறகு பலம்கொண்ட மட்டும் திருகி மூடினேன். விழக்கூடாது என்பதை மட்டுமே யோசித்தேன். திறக்க வேண்டும் என்ற விஷயம் என் மூளைக்கு எட்டவே இல்லை.

வழியெல்லாம் நெரிசல். மே மாத வெயில். சபை வாசலில் இறங்கியபோது குமிழ் அப்படியே இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

ஆராதனை தொடங்கும் நேரத்தில் ஐயர் தாலியைக் கேட்டு ஆளனுப்பினார். நான் கோட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வெளியே நடந்து போய்க் குமிழைத் திருகினேன். அசையவில்லை. கைக்குட்டையைச் சுற்றித் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனர் எடுக்கலாம் என்று தோன்றியது. ஸ்பேனரும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. டிரைவர் ஒருவரிடம் பிளையர் வாங்கிப் பிடித்து முறுக்கினேன். பிளையர்தான் சுற்றியது. அப்போதுதான் காலையில் தாராளமாக விட்ட சிவப்புப் பசை நினைவுக்கு வந்தது.

ஜெபா பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள்.

"க்யா ஹுவா? உள்ள எல்லாரும் வெயிட் பண்றாங்க. ஜல்தி எடுங்க."

"திறக்க மாட்டேங்குது."

"ஏன்?"

நான் கோட்டுப் பையிலிருந்து பசைக் குழாயை எடுத்துக் கொடுத்தேன். (ஆமாம், கல்யாணக் கோட்டில் அதை வைத்திருந்தேன். வழியில் வேறு ஏதாவது தளர்ந்தால்?) நர்ஸ்களுக்கு எந்தக் குப்பியைக் கண்டாலும் லேபிளைப் படிக்கிற பழக்கம். அவள் அதைக் கண்ணருகே வைத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நல்லா சூடு காட்டினாத்தான் விடுமாம். அச்சா, இதை வாங்குறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"படிக்கல."

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியாவது ஏதாவது விசாரிச்சீங்களா?"

அதற்குள் மாப்பிள்ளைக் கோலத்தில் ஜெயசிங் வந்தான். பின்னால் மாமனார். அவருக்குப் பின்னால் அத்தை. விஷயம் தெரிந்ததும் ஜெயசிங், "சுத்தியலால ஒரே போடு போட்டு உடைச்சிருவோம் அத்தான்" என்றான்.

அத்தை தடுத்தார். "சகுனம் பாக்கது நமக்கு ஆகாதுதான். அதுக்காகத் தாலி இருக்க பெட்டியச் சுத்தியலால அடிக்கவா செய்வாவ?"

பிறகு அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்கள் என்னைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் நின்றன.

"ஏ வண்டி, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? படிச்சிருக்கேன் படிச்சிருக்கேன்னு சொல்லுதியே, என்னத்தப் படிச்ச? ஒரு காரியத்த நம்பிக் கொடுத்தா இப்பிடியா செய்வ?"

"மாப்ளைய ஒண்ணும் சொல்லாத" என்றார் மாமனார் தாழ்ந்த குரலில்.

"மாப்ளைய நான் என்ன சொன்னேன்? வண்டியத்தான் சொல்லுதேன். பாக்கதுக்கு ஆள் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

வண்டியும் நானும் அமைதியாகக் கேட்டுக்கொண்டோம்.

சூட்டுக்கு எங்கே போவது? உள்ளே ஆல்டர் மேடையிலிருந்து மெழுகுவர்த்தி கொண்டு வருகிறேன் என்றேன். பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில் தீயா என்று ஜெபா ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் சந்துமுனை வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் அம்மாள் கண்ணில் பட்டார். டெல்லியில் எந்தத் தெருவிலும் ஒரு மரம் இருந்தால் அதன் கீழே ஓர் இஸ்திரி மேஜை இருக்கும். அதன் மேல் கரி போட்ட பெட்டி புகைந்துகொண்டிருக்கும்.

நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். கோட்டுப் போட்ட நான், மாலை போட்ட மாப்பிள்ளை, பட்டு வேட்டியில் மாமனார். ஜெபா பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, அந்த அம்மாளின் தண்ணீர் வாளியில் ஒரு பழைய விரிப்பை நனைத்து டாங்கு முழுக்கப் போர்த்தினாள். குமிழ் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டும் என்று இந்தியில் விளக்கினேன். அந்த அம்மாள் வண்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இஸ்கா ரேட் க்யா லகாவூன், கமீஸ் யா சாடி?" என்றார். இதற்குச் சட்டை ரேட் போடுவதா, சேலை ரேட் போடுவதா.

"சாடி" என்றாள் ஜெபா.

கரியை விசிறிவிட்டு, பெட்டியைச் சாய்த்துக் குமிழோடு ஒட்டிப் பிடித்தார் அந்த அம்மாள். சபையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பாடகர் குழு பழகி வைத்திருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், மே மாத வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வந்துவிட்டிருந்தது. பெண் உள்ளே தனியாக நிற்கிறாள். மாப்பிள்ளையைக் காணோம், தாலியைக் காணோம். மதுரையிலிருந்து வந்திருந்த அவளுடைய அப்பா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் சபையை விட்டு வெளியேறி வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளுக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் நிறுத்தி வைத்திருந்தேன்.

பசை கருகும் வாடை வந்தது. அந்த அம்மாள் பெட்டியை எடுத்ததுதான் தாமதம், நான் பாய்ந்து வெறுங்கையால் குமிழைப் பிடித்தேன்.

"எலேய், கைய எடுலே கூறுகெட்ட பயலே, வெந்துரப் போவுது!"

அத்தைதான். வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சொன்னார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். இஸ்திரி அம்மாளுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து, ஓரடி பின்னால் நகர்ந்தார். அத்தை மட்டும் எதையும் கவனிக்காமல் என் கையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜெயசிங் ஈரத் துணியைச் சுற்றிக் குமிழைத் திருகினான். க்றீச் என்ற சத்தத்தோடு சுற்றியது. வெல்வெட் டப்பா பத்திரமாக இருந்தது. (நான் சொன்னேன் அல்லவா, பத்திரமான பெட்டி என்று. யாரும் அதைப் பாராட்டவில்லை.)

தாலி கட்டும்போது பியூலா தோளைச் சற்றுக் குலுக்கினாள். உணர்ச்சிவசப்பட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். தாலி இன்னும் ஆறவில்லை என்று அவள் பிறகுதான் சொன்னாள். இன்றைக்கும் ஜெயசிங்கோடு சண்டை வந்தால், "ஊருல எல்லாருக்கும் தாலி கட்டுனாங்க, எனக்கு மட்டும் இஸ்திரி போட்டுக் கட்டுனாங்க" என்பாள். அவர்கள் மகள் பள்ளியில் இந்தக் கதையை இந்தியில் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறாள். அதில் நான் வில்லன்.

விருந்தில் ஜெபா கட்டுப் போட்டுவிட்ட கையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை ஒரு தட்டில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். முகம் வாடியிருந்தது.

"மாப்ள, வாய் தவறி வந்துட்டு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு வருடமாக எனக்கு விசேஷ நாற்காலி, விசேஷ தட்டு. யாரும் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. விருந்தாளியாகவே இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அத்தை, இனிமே வண்டியத் திட்டாதீங்க. என்னையே திட்டுங்க" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு, "அப்போ மொதல்ல சோத்தத் தின்னுலே" என்றார். அன்றிலிருந்து நான் சொன்னபடியே நடந்துகொள்கிறார். நாள் தவறுவதில்லை.

அதற்குப் பிறகு குடும்பத்தில் எத்தனையோ கல்யாணங்கள் வந்துவிட்டன. எந்தக் கல்யாணத்திலும் எனக்குப் பொறுப்பான வேலை எதுவும் தருவதில்லை. வாசலில் நின்று பன்னீர் தெளிக்கச் சொல்லுவார்கள். பாட்டிலை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அத்தை ஒருமுறை மூடியைத் தானே திருகித் திறந்து பார்ப்பார். திறந்தபடியேதான் கொடுப்பார்.