பத்தாவது ஸ்லைடு

ஒரு தப்பு வந்ததற்கே தேவிப்ரியா மைக்ராஸ்கோப் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

"மூணு வந்தா வேலை போயிருமுங்கண்ணா."

நாமக்கல்லில் இருந்த அந்த லேபில் மயில்சாமி எடுபிடி. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தெரிகிறதா என்று முகாம்களில் எடுத்து வரும் ஸ்லைடுகளைத் தேவிப்ரியா பார்ப்பாள். கோளாறு இல்லை என்று அவள் ஒதுக்கியதில், ஒவ்வொரு பத்தாவதையும் மயில்சாமி எடுத்து வைக்க வேண்டும். சனிக்கிழமை டாக்டர் கைலாசம் அதை மறுபடி பார்த்துத் தப்பை எண்ணுவார். ரெண்டாள் வேலையை அவள் ஒருத்தி பார்ப்பதை மட்டும் யாரும் எண்ணவில்லை.

"அழுவாத அம்மணி. எண்ணி எடுக்கறது நாந்தான?"

பத்து ராசியில்லை என்று, அடுத்த வாரம் பதினொன்றாவதாகப் பார்த்து எடுத்து வைத்தான். அதில் ரெண்டாவது தப்பு வந்தது.

"ஏனுங்கண்ணா, எப்பவும் போலத்தான எண்ணுனீங்க?"

"அதே கைதான் கண்ணு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

இனி எண்ணி ஆகாது. மோகனூர் முகாமில் ஸ்லைடுகளுக்கு எண் ஒட்டியது அவன்தான்; எந்த எண் யாருடையது என்று தெரியும். தெரிந்த பெண்கள், நோய் அண்டாதவர்கள் என்று பார்த்துப் பொறுக்கினான். அதிலும் 417 இரும்பு. கரும்பு வெட்டுகிற உடம்பு. தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அதை மேலாக வைத்தான்.

சனிக்கிழமை டாக்டர் முதல் ஸ்லைடிலேயே நின்றுவிட்டார். வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"417. இத எப்படிம்மா விட்ட? செல்லெல்லாம் மாறிக் கெடக்கு. நல்லவேளை, பத்தாவதா வந்து மாட்டுச்சு. இல்லேன்னா மண்ணுக்குள்ள போனப்புறந்தான் தெரியும்."

"மூணாச்சுங்க சார்," என்றாள் தேவிப்ரியா.

மயில்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்கண்ணனே உக்காந்துட்டாரு பாரு. மொதல்ல அந்தம்மாவ வரச் சொல்லு."

"என் வேலை போனாப் போகட்டுமுங்க சார், இதா கூப்படறேன். பொம்பளைங்க எல்லாரும் ஊட்டுக்காரரு நம்பர்தானுங்க குடுத்திருக்காங்க."

நோட்டைப் பார்த்து லேப் போனில் எண்களை அழுத்தினாள்.

மயில்சாமியின் சட்டைப் பையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

தேவிப்ரியா போனைக் காதில் வைத்தபடி திரும்பினாள்.

"உங்க போனக் கொஞ்சம் அமத்துங்கண்ணா. அந்தம்மா ஊட்டுக்காரரு எடுக்கவே மாட்டேங்கறாரு."