வெள்ளிக்கிழமை மட்டும் தெரியும் ஹார்ட் டிஸ்க்

நிர்வாகம் நவீனமாக வேண்டும் என்று மேலிடம் விரும்பியது. விரும்பியதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தோனேசியாவில், செமாராங் நகரின் ஆற்றோர வட்டார அலுவலகத்துக்குத் தலைவர், அதாவது 'லூரா', ஹென்டார்த்தோ. கம்ப்யூட்டர் விழிக்கும்போது தோன்றும் நீல அமைப்புத் திரையை அவர் தம் திருக்கரத்தாலேயே திறந்தார். அங்கே 'லெகஸி' என்று ஒரு வரி. அகராதி 'பழையது' என்றது. நவீன அலுவலகத்தில் பழையது ஓடலாமா? அந்த வரியை அணைத்தார். கம்ப்யூட்டர் மறுபடி விழித்து, 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று பணிவுடன் தெரிவித்துக்கொண்டது.

இது திங்கட்கிழமை. சனிக்கிழமை சோயாத் தெம்பே வியாபாரி துகிரானின் மகளுக்குக் கல்யாணம். லூராவின் கடிதம் இல்லாமல் பதிவாளர் நிக்காஹ் செய்துவைக்க மாட்டார். துகிரான் ஆடே வாங்கிக் கட்டிவிட்டார்.

எழுத்தர் விவிக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். துகிரானை மரியாதையாக 'பாக்' என்றே அழைப்பாள்.

"டிஸ்க் இதோ இருக்கு, பாக். ஆனா இல்லையாம்."

"என் கண்ணுக்குத் தெரியுதேம்மா."

"உங்க கண்ணு அரசாங்கக் கண்ணு இல்லையே."

பழையதைத் திரும்பப் போட்டால் சரியாகும் என்று அவளுக்குத் தெரியும், லூராவுக்கும் தெரியும், வாசலில் மெந்தோவான் பஜ்ஜி பொரிக்கிறவருக்கும் தெரியும். ஆனால் சீர்திருந்திய அலுவலகம் பழையதற்குத் திரும்பியது என்று யார் கையெழுத்துப் போடுவது? கையால் எழுதித் தரும்படி துகிரான் கெஞ்சினார். கை இன்னும் பழையது என்று லூரா வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். டிஸ்க் காணவில்லை என்று போலீசில் சொல்லலாமா என்றும் ஆலோசித்தார்கள். அடையாளம் கேட்டால் டிஸ்கையே கொண்டுபோய்க் காட்ட நேரும் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

வியாழனன்று துகிரானுக்குப் பொறுமை போயிற்று.

"கல்யாணப் பத்திரிகையில 'பழைய மாதிரி நடக்கும்'னா எவன் வருவான், பாக் லூரா? 'பாரம்பரிய முறைப்படி'ன்னு போட்டேன். தெருவே வருது. அந்த அகராதியில இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க."

லூரா பார்த்தார். இரண்டாவது பொருள் 'பாரம்பரியம்' என்றே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. வெள்ளிக்கிழமை ஊழியர் எல்லாரும் பாத்திக் சட்டை போடும் நாள். பாரம்பரியத்துக்கு அரசே ஒதுக்கிய நாள். அன்று மட்டும் லெகஸிக்கு அனுமதி உண்டு என்று ஆணை பிறந்தது.

மறுநாள் ரிப்பன் வெட்டினார்கள். டிஸ்க் தெரிந்தது. துகிரானுக்குக் கடிதம் கிடைத்தது. மாலையில் அலுவலகம் மறுபடி நவீனமாயிற்று.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. திங்களன்று வெளியூர் மாப்பிள்ளை முகவரி மாற்ற அதே அலுவலகத்துக்குப் போய், முகம் சிவக்கத் திரும்பினான்.

"டிஸ்க் இல்லையாம், வெள்ளிக்கிழமை வரணுமாம். என்ன கூத்து மாமா இது?"

துகிரானுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டது.

"வந்த இடத்துல அப்படியெல்லாம் பேசக் கூடாது மாப்ளே," என்றார். "எங்க ஊர்ல அது பாரம்பரியம்."