பள்ளமே தெரியலை

சாலையைச் செப்பனிடும் முறைகள் உலகத்தில் இதுவரை இரண்டுதான் இருந்தன. ஒன்று, குழியை மூடுவது. இன்னொன்று, குழிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியை நட்டுவிட்டு மூடியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது. மூன்றாவது முறையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தையே சேரும். இதற்குக் கல் வேண்டாம், தார் வேண்டாம், ஆள் வேண்டாம். ஒரு வண்டி போதும். அதில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் குழி மாயமாகிவிடும்.

நான் அந்த அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். யார் எந்தப் புகார் கொடுத்தாலும் 'தங்கள் புகார் தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவது என் பணி. என் மனைவி அடிக்கடி புகார் கொடுப்பாள். அவளுக்கும் அதே பதில்தான். ஆனால் அதை நேரில் கொடுக்கும் தைரியம் எனக்கு இல்லாததால் தபாலில் அனுப்பிவிடுவேன்.

என் மனைவிக்குத் தொழில் கேக் செய்வது. கைராசிக்காரி. அவள் செய்யும் மூன்றடுக்கு கேக் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒரு மாளிகை. எங்கள் தெருவைத் தாண்டும்போது தரைத்தளம். காரணம், தெருவில் இருக்கும் பள்ளங்கள். எத்தனை வருடம் ஒரே தெருவில் குடியிருக்கிறோம், உறவு விட்டுப்போகுமா? எல்லாவற்றுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். முனையில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டும் 'சம்பந்திகள்'. ஒருவருக்காக ஒதுங்கினால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். நடுத்தெருவில் அகலமாக, ஆழமாக, எந்நேரமும் தண்ணீரோடு இருப்பவர் 'மாமனார்'. அவரைச் சுற்றிப் போக முடியாது. மரியாதையாக இறங்கி ஏறித்தான் போக வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் இன்ஜினியர் அந்த வண்டியை வாங்கினார்.

வண்டியா அது! மலை ஏறுமாம், ஆறு கடக்குமாம், பாலைவனத்தில் மணலை நீந்துமாம். மேலே ஏணி, பின்னால் மண்வெட்டி, முன்னால் மரத்தில் கட்டி இழுக்க இரும்புக் கயிறு. பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். தண்ணீரில் மூழ்கினால் வண்டி அதன் வழியாக மூச்சு விடுமாம். இன்ஜினியர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஆறும் இல்லை, மலையும் இல்லை. எங்கள் தெரு ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் தலைவர்கள் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

அதே வாரம், எங்கள் தெருவுக்கு ரோடு போட்ட காண்ட்ராக்டரும் அதே வண்டியை வேறு நிறத்தில் வாங்கினார். இரு பெரும் உரிமையாளர்களும் தங்கள் 'முதல் ஓட்ட அனுபவங்களை'ப் பகிர்ந்துகொள்ள ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. அலுவலக நேரம், அலுவலக அறை, அலுவலக பிஸ்கட். நான் பிஸ்கட் தட்டோடு உள்ளே போனேன்.

"ஓட்டிப் பார்த்தீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"ஓட்டறதா? மிதக்கறேன் சார்" என்றார் காண்ட்ராக்டர். "அந்தத் தெருவுல போனேன். பள்ளம் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியலை."

"எனக்கும் அப்படித்தான்! அந்தப் பெரிய குழியில இறங்கினேனா இல்லையான்னு வீட்டுக்குப் போய் டயரைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

காண்ட்ராக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், மனசு விட்டுச் சொல்றேன். நான் போட்ட ரோட்டுல நானே நிம்மதியா போனது இப்பத்தான்."

"வண்டியில ஒரு திருகு இருக்கு பார்த்தீங்களா? ரோடு, மணல், சேறு, பாறைன்னு போட்டிருக்கும்."

"ஆமா சார்."

"நான் 'ரோடு'ன்னு வெச்சுட்டுத்தான் நம்ம தெருவுக்குள்ள நுழைஞ்சேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி தானாவே 'பாறை'க்கு மாறிடுச்சு! மனுஷனுக்குக்கூட அவ்வளவு புத்தி வராது. அது மட்டுமில்ல. வண்டி எங்க ஓடுது, எப்படிப்பட்ட இடத்துல ஓடுதுன்னு எல்லாத்தையும் அதுவே கம்பெனிக்குச் சொல்லிடுமாம்."

"நாம வாயைத் திறக்கவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

இருவரும் வண்டியின் நேர்மையை வியந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள். அப்போது தொலைபேசி அடித்தது. பேசியவர் பெரியவர். பெரியவர் என்றால் வயதில் அல்ல, பதவியில். இன்ஜினியர் எழுந்து நின்று பேசினார்.

"அந்தத் தெருவைப் பத்தி ஏகப்பட்ட புகாராமே, என்னய்யா நிலைமை?" என்று பெரியவர் கேட்டது பிஸ்கட் தட்டு வரைக்கும் கேட்டது.

"ஐயா, இன்னிக்குக் காலையிலகூட நானே நேரடியா அதுல வந்தேன். பள்ளமே தெரியலைங்க ஐயா."

"அப்படியா! சபாஷ். சரிபண்ணிட்டதா எழுதிக்கட்டுமா?"

இன்ஜினியர் பொய் பேசாதவர். சரிபண்ணினேன் என்று அவர் சொல்லவில்லை. "தெரியலைங்க ஐயா" என்றுதான் மறுபடியும் சொன்னார். ஒரே சொல்லில் எங்கள் தெரு செப்பனிடப்பட்டது.

அன்று மாலை இந்த நல்ல செய்தியை வீட்டில் சொன்னேன். மனைவி மாவு கலந்துகொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"என்னங்க, மாமனார் இன்னும் அங்கயேதானே இருக்காரு? நான் இப்பத்தானே அவரைப் பார்த்துட்டு வர்றேன்?"

"அலுவலகப் பார்வையில் அவர் காலமாகிவிட்டார்" என்றேன்.

"அப்ப நீங்களே கேக்கைக் கொண்டு போய்க் கொடுங்க."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவள் செய்யவேண்டிய அந்தக் கேக் சாதாரணக் கேக் அல்ல. இன்ஜினியர் வீட்டில் நடக்கும் அவருடைய கல்யாண வெள்ளிவிழா விருந்துக்கானது. தெருக்கோடியில் இருக்கும் விருந்து மண்டபத்தின் மேனேஜர் அந்த விருந்துக்கு வருகிறார். கேக் அவருக்குப் பிடித்துவிட்டால் அந்த மண்டபத்தில் நடக்கும் விசேஷம் அத்தனைக்கும் இவள்தான் கேக். வீட்டு அடுப்படியில் ஆரம்பித்த தொழில் ஒரு கடையாகிவிடும். அவள் பல நாளாகக் கண்ட கனவு அது. எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் நடுவில் மாமனார் நிற்கிறார்.

மறுநாள் இன்ஜினியரிடம் பக்குவமாக விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதுக்குப் போயி கவலைப்படறீங்களே! நம்ம வண்டி எதுக்கு இருக்கு? நானே வந்து கேக்கை ஏத்திக்கிட்டுப் போறேன். உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, பள்ளமே தெரியாது."

விருந்தன்று சாயங்காலம் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றடுக்கு, வெள்ளை வெளேரென்று, உச்சியில் சர்க்கரையில் செய்த கணவனும் மனைவியும் கைகோத்து நின்றார்கள். நான்கு கைகளால் அதைத் தூக்கி, பின்பக்கத்தில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். நானும் மனைவியும் நடு சீட்டில் உட்கார்ந்தோம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா" என்று இன்ஜினியர் கிளப்பினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. சம்பந்திகள் வந்தார்கள், போனார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. திருகு தானாகப் 'பாறை'க்கு மாறியது. மாமனாருக்குள் வண்டி இறங்கியபோது ஜன்னலில் தண்ணீர் அடித்தது. அதைத் தவிர ஒன்றுமே இல்லை. தொட்டிலில் போட்டு ஆட்டியது போல இருந்தது. எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது.

"என்ன, தெரிஞ்சுதா?" என்றார் இன்ஜினியர்.

"தெரியலை சார்" என்றேன். எழுத்தரின் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

மனைவி திரும்பிக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

இன்ஜினியர் வீட்டு வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்தோம். மூன்றடுக்கும் ஒரே அடுக்காகச் சமாதானமாகியிருந்தது. சர்க்கரைக் கணவன் மண்வெட்டியில் கிடந்தார். சர்க்கரை மனைவியைக் காணவேயில்லை. இருபத்தைந்து வருட இல்லறத்துக்கு அது நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

ஆனாலும் கொண்டுவந்ததை மேஜையில் வைத்துத்தானே ஆக வேண்டும்? வைத்தோம். விருந்துக்கு வந்திருந்த பெரியவர், காண்ட்ராக்டர், மண்டப மேனேஜர் எல்லோரும் அதைச் சுற்றி மௌன அஞ்சலி செலுத்துவது போல நின்றார்கள். இன்ஜினியரின் மனைவி, "என்னங்க ஆச்சு இதுக்கு?" என்றார்.

"தெரியலையே" என்றார் இன்ஜினியர்.

என் மனைவி வாயைத் திறந்தாள். "சாருக்குத் தெரியலை. எங்க வீட்டுக்காரருக்கு எப்பவுமே எதுவும் தெரியாது. கேக்குக்கு மட்டும் எல்லாப் பள்ளமும் தெரிஞ்சிருக்குங்க."

மண்டப மேனேஜர் ஒரு துண்டு வாயில் போட்டார். "ருசி பிரமாதம்மா. சத்தியமா சொல்றேன், இந்த மாதிரி நான் சாப்பிட்டதில்லை. ஆனா என் மண்டபத்துக்கு நிக்கிற கேக்தான் வேணும். இது படுத்திருக்கே!"

அவள் முகம் விழுந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. பெரியவர் புருவத்தை உயர்த்தி இன்ஜினியர் பக்கம் திரும்பினார். நீதி பிறக்கப்போகிறது என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஏன்யா, அந்தத் தெருவுலதானே பள்ளமே தெரியலைன்னு சொன்னே?"

"இந்த வண்டியில உட்கார்ந்தா தெரியாதுங்க ஐயா" என்றார் இன்ஜினியர்.

பெரியவர் யோசித்தார். கேக்கைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்.

"அவ்வளவு நல்லா இருக்குமா?"

"சொர்க்கம்ங்க ஐயா."

"வேற என்ன நிறம் இருக்கு?"

பெரியவரும் வாங்கினார். இவ்விதம் எங்கள் தெரு இன்னும் உயர்ந்த மட்டத்தில் செப்பனிடப்பட்டது.

கொஞ்ச நாள் கழித்து வண்டிக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. புது உரிமையாளர்களுக்குப் பாராட்டு விழாவாம். வண்டிகள் தாமாகவே சொன்னதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, எங்கள் இன்ஜினியருக்கு ஒரு கோப்பை என்று முடிவு செய்திருந்தார்கள். விழா தெருக்கோடி மண்டபத்தில். விழா என்றால் கேக் வேண்டும். மேனேஜர் என் மனைவியைக் கூப்பிட்டு, "இதுதாம்மா கடைசி வாய்ப்பு. நிக்கிற மாதிரி கொண்டாங்க" என்றார்.

இந்தமுறை அவள் எந்த வண்டியையும் நம்பவில்லை. கேக்கை ஒரு பலகையில் வைத்து நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சம்பந்திகளிடம் பக்கவாட்டில் திரும்பி நடந்தோம். மாமனாரிடம் முழங்கால் வரை இறங்கினோம்.

"மெதுவா, மெதுவாங்க. உங்க பக்கம் சாயுது பாருங்க."

"தெரியுது, தெரியுது" என்றேன். அந்தச் சொல்லை அந்தத் தெருவில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. தண்ணீருக்கு அடியில் கல் எங்கே, சறுக்கல் எங்கே என்று காலுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. அலுவலகத்தில் என் காதில் ஏறாத அத்தனை புகாரும் அன்று முழங்காலில் வந்து சேர்ந்தது.

சேறு சொட்டச் சொட்ட மண்டபத்துக்குள் நுழைந்தோம். கேக் நிமிர்ந்து நின்றது. உச்சியில் கணவனும் மனைவியும் கைவிடாமல் நின்றார்கள். மேனேஜர் கேக்கை ஒரு சுற்று சுற்றிவந்தார். எங்கள் காலைப் பார்த்தார். "இனிமே எல்லா விசேஷத்துக்கும் நீங்கதாம்மா. ஆனா இந்தக் கஷ்டம் வேண்டாம். மண்டபத்துச் சமையலறையில ஒரு மூலையைத் தர்றேன், இங்கேயே செஞ்சுக்கோங்க" என்றார். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சேற்றுக் காலோடு சிரித்தேன்.

பிறகு விழா தொடங்கியது. பெரியவர் தலைமை. கம்பெனிக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம வண்டியை வாங்கறவங்க நிறைய பேரு. ஆனா அது எதுக்காகச் செஞ்சதோ அதுக்கு ஓட்டறவங்க ரொம்பக் கம்மி. எங்க வாடிக்கையாளர்கள்லயே, ரோடே இல்லாத இடத்துல அதிக தூரம் ஓட்டின வீரர் இவர்தான்! ரெண்டாவது பரிசு காண்ட்ராக்டர் சாருக்கு! இப்பத்தான் வாங்கின பெரியவர் ஐயாவும் வேகமா முன்னேறிக்கிட்டு வர்றாரு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இன்ஜினியர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடக்கமாக ஒலிபெருக்கி பக்கம் குனிந்தார்.

"நான் அப்படி எங்கயும் போகலைங்களே. காடு மலை எதையும் பார்த்ததில்லை. வீடு விட்டா ஆபீஸ், ஆபீஸ் விட்டா வீடு. இந்த ஒரே தெருதான்."

கம்பெனிக்காரர் விடவில்லை. "தன்னடக்கம் வேண்டாம் சார். வண்டி பொய் சொல்லாது."

கோப்பை இப்போது எங்கள் அலுவலக வரவேற்பறையில் இருக்கிறது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வந்து படிக்கலாம்: 'ரோடே இல்லாத இடத்தில் அதிக தூரம் ஓட்டியவருக்கு.' அதற்கு மேலே சுவரில் எங்கள் பழைய பலகை அப்படியே இருக்கிறது: 'இந்த ஊர் ரோடுகளுக்கு நாங்கள் பொறுப்பு.' இரண்டில் எதையாவது ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இரண்டும் சரியாகத்தானே இருக்கிறது என்றார் இன்ஜினியர்.