குடைக்காரரின் தொண்ணூற்றிரண்டு

ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும், சீனி நோய் வரவில்லையே என்று வருத்தப்பட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் குடைக்காரர். ஹாலிஎலயில் பஸ் தரிப்புக்கு எதிரே குடை பழுதுபார்ப்பவர். அவருடைய சொந்தப் பெயர் கிளினிக் கொப்பியில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் பழக்கமே ஆஸ்பத்திரிச் சீனி கிளினிக் வரிசையில் வந்ததுதான். வெறும் வயிற்றில் பார்த்தால் எனக்கு நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்காது. அவருக்கு மாதம் தவறாமல் தொண்ணூற்றிரண்டு. ஆனால் ஆறு மணிக்கே வந்து, மீசையைச் சீவி, சலவைச் சட்டையோடு முதல் வாங்கில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். சீனி இருந்தது அவர் மனைவிக்கு. அந்த அம்மாவைக் கூட்டிவந்து பழகியவர், அந்த அம்மா இறந்து இரண்டு வருடமாகியும் வருவதை நிறுத்தவில்லை. ஒரே மகள் தூரத்தில், கொழும்புப் பக்கம் வத்தளையில்.

ஒருநாள் நர்ஸ் மிஸ் அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். எழுபதிலிருந்து நூறுக்குள் இருந்தால் சாதாரணம், நூறைத் தொட்டால் கவனம், நூற்று இருபத்தாறோ அதற்கு மேலோ இரண்டு தடவை வந்தால்தான் நோய் என்று பொறுமையாக விளக்கினார். இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். வேறு யாராவது என்றால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார்கள். குடைக்காரர் முகமோ, இனி மழையே பெய்யாது என்று கேள்விப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

அடுத்த மாதமும் வந்தார். தலை சுற்றுகிறது என்றார். முதல்நாள் இரவு ஒரு முழுக் கித்துள் கருப்பட்டியைத் தின்றுவிட்டு வந்தாராம். கருவி தொண்ணூற்றாறு காட்டியது. அவ்வளவு நேர்மையான உடம்பு.

அதற்கடுத்த மாதம் நூற்று அறுபத்தெட்டு. வரிசையே திரும்பிப் பார்த்தது. பரீட்சையில் முதலாவதாக வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ் அவர் மீசையைப் பார்த்தார். அதில் சீனி ஒட்டியிருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க ஐயா?"

"ரெண்டே ரெண்டு சீனி பணிஸ், மிஸ்."

எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் விழக்கூடாது, இது செல்லாது என்று சொல்லி அந்த எண்ணை வெட்டிவிட்டார் மிஸ். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, இல்லாத வியாதியை ஏன் அண்ணே வலிய இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த குடையை ஒருதரம் விரித்து மடக்கினார்.

"கடைக்கு வர்றவங்க குடையப் பத்தித்தான் கேப்பாங்க, தம்பி. வீட்டுல கேக்க ஆளில்ல. ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு என்னையப் பத்திக் கேக்குறது அந்த மிஸ் ஒருத்தவங்கதான்."

நான் சிரித்தது அப்போதுதான் எனக்கு உறுத்தியது.

மறுநாளிலிருந்து வேலை விட்டுப் போகும்போது அவர் கடையில் நின்று, சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் வாரம் இரண்டு பேருக்குமே கூச்சம். இப்போது என் தலை தெரிந்தவுடனேயே, கையிலிருக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடங்கிவிடுகிறார். பருப்புக்கு உப்புக் கூடிப்போனது, கீரை கொஞ்சம் முற்றல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என்னுடைய பஸ் போய்விடும். போகட்டும், அரை மணி நேரத்தில் இன்னொன்று இருக்கிறது.