சட்டைக்கு ஞானத்தகப்பன்

திங்கட்கிழமை காலை வானொலியில் நாடாளுமன்ற உறுப்பினர் டான் ஃபெர்மின் அராந்தியா தன் தாராள மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, அவருடைய கணக்காளர் அன்செல்மோ பல் துலக்கிக்கொண்டிருந்தார். பேச்சு முடிவதற்குள் நுரை முழுவதையும் விழுங்கிவிட்டார்.

"ரெண்டு வருஷத்துல பதினேழு காரியத்துக்கு ஞானத்தகப்பனா நின்னிருக்கேன். எல்லாம் என் சொந்தப் பையிலேர்ந்து," என்றது வானொலி. "ஒண்ணுக்கும் ரசீது கிடையாது. வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

இடது கைக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். கோச்சபம்பா பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் சான் இசித்ரோவில் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் ஞானத்தகப்பன் போதாது. கல்யாணம் என்றால் கேக்குக்கு ஒருவர், பீருக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர். கால்பந்துக் குழுவின் சட்டைக்கு ஒருவர், பள்ளிக்கூடத்து மணிக்கு ஒருவர். யார் நிற்கிறாரோ அந்தச் செலவு அவருடையது. ஒப்புக்கொண்ட அன்றைக்கே அவர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிடுவார்கள்; தலையில் வண்ணக் காகிதத் துகளைக் கொட்டிப் படமும் எடுத்துக்கொள்வார்கள். டான் ஃபெர்மின் பெயர் தாங்கிய பலகை இல்லாத சுவர் ஊரில் குறைவு. அப்படி ஒன்று இருந்தாலும் அது பூச்சுக் காயாத ஈரச் சுவராக இருக்கும்.

இதில் அன்செல்மோ நுரை விழுங்க என்ன இருக்கிறது? இருந்தது. டான் ஃபெர்மினின் சொத்து அறிவிப்பில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, வெள்ளிக்கிழமைதான் அதைத் தலைநகர் லா பாஸுக்கு அனுப்பியிருந்தார். அதன்படி டான் ஃபெர்மினுக்கு உலகத்தில் இருந்தவை ஒரு மண்சுவர் வீடு, தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி ஒன்று, இரண்டு பசுக்கள். ஒரு பசுவுக்குக் கால் ஊனம். மூன்று மாடி வீடு மச்சினி பெயரில். நான்கு பேருந்துகள் ஓட்டுநர் பெயரில். அதை ஓட்டுநருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பைப் படிக்கிறவர்கள் இந்த மனிதரிடம் வரி கேட்க மாட்டார்கள், வீட்டுக்கு அரிசி அனுப்புவார்கள். அன்செல்மோ எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் நியேவெஸ் போர்தா என்ற அம்மாள். சொத்து அறிவிப்புகளைச் சரிபார்க்கும் அதிகாரி. வானொலி கேட்டாராம். இரண்டு பசு வைத்திருப்பவர் பதினேழு தானம் செய்வது உள்ளத்தைத் தொடுகிறது என்றார். வியாழக்கிழமை நேரில் வந்து, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை என்றார். கடைசியில், அறிவிப்பில் இருக்கும் முத்திரை யாருடையது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷத்து முத்திரை. பிடுங்கிக்கொண்டால் அன்செல்மோவுக்கு வேறு தொழில் தெரியாது. பிடுங்குவதோடு நிற்குமா என்பதும் தெரியாது.

டான் ஃபெர்மின் அலுவலகத்தில் சால்தேன்யா என்ற சாறு நிறைந்த இறைச்சிப் பணியாரத்தின் முனையைக் கடித்துச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. அந்த மனிதரிடமிருந்து எதுவுமே கீழே விழுந்து அன்செல்மோ பார்த்ததில்லை.

"வானொலியில கொஞ்சம் மிகையாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்," என்று அன்செல்மோ கெஞ்சினார்.

"ஞானத்தகப்பனா நின்னவன் குடுக்கலைன்னு சொல்றதா? அப்புறம் நான் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியுமாய்யா? நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்."

"அப்ப மச்சினி வீட்ட அறிவிப்புல சேர்த்துடலாமா?"

டான் ஃபெர்மினுக்குப் புரையேறியது. முதுகைத் தட்டிக்கொடுத்தபோதுதான் அன்செல்மோவுக்கு அந்த யோசனை வந்தது. வாங்கியவர்களிடமே எழுதி வாங்கிவிட்டால்? 'டான் ஃபெர்மினிடமிருந்து நாங்கள் பணமாகவோ பொருளாகவோ ஒன்றும் பெறவில்லை.' பதினேழு கையெழுத்து. ஊருக்குத் தெரிய வேண்டாம். அதிகாரி அம்மாளின் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கௌரவமும் பிழைக்கும், முத்திரையும் பிழைக்கும்.

டான் ஃபெர்மின் அவரை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கூரையைப் பார்த்தார்.

"போடுவாங்களா?"

"நன்றி கெட்டவங்க மாதிரி எழுதிக் குடுக்கச் சொல்றோம். சும்மா போட மாட்டாங்கய்யா. கொஞ்சம் கையை நனைக்கணும்."

மறுபடியும் வாயைத் திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு கைத்துணியால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, அதுவும் மச்சினி பெயரிலேயே இருந்த தன் மேசையின் இழுப்பறையைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக அன்செல்மோ கால்பந்துக் குழுத் தலைவன் லிம்பரின் டயர் கடைக்குப் போனார். சுவரில் பலகை பளபளத்தது: 'எங்கள் சட்டைகளின் ஞானத்தகப்பன், மாண்புமிகு ஃபெர்மின் அராந்தியா.' லிம்பர் தாளை இரண்டு முறை படித்தான். கிரீஸ் கையால் தலையைச் சொறிந்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா எங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?"

"என்னப்பா வேணும்?"

"இருபத்திரண்டு சட்டை."

"ஏன், பழைய சட்டைக்கு என்னாச்சு?"

"பழசைப் பத்திக் கேக்காதீங்க சார்," என்றான் லிம்பர், வருத்தத்தோடு.

ஞாயிறுதோறும் சேற்றில் புரண்டால் சட்டை என்ன ஆகும் என்று அன்செல்மோவுக்குத் தெரியாதா? ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, சட்டையில் பெயர் கூடாது. லிம்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"பேர் போடாம வாங்கிப் போட்டுக்க நாங்க என்ன பிச்சைக்காரங்களா? யார் குடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்றது, கொடியில காஞ்சதை எடுத்தோம்னா?"

ஆக, 'ஒன்றும் பெறவில்லை' என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு, முதுகில் முழ நீளத்துக்குக் கொடுத்தவர் பெயர் போட்ட இருபத்திரண்டு சட்டை. ஒரு பெட்டி பீரும் உடைத்து அவர் தலையில் காகிதத் துகளைக் கொட்டினார்கள். பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு அன்செல்மோவை யாரும் கொண்டாடியதில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

செய்தி அவரை முந்திக்கொண்டு ஓடியது. பேண்டு வாத்தியத் தலைவர் மாஸ்டர் காசியானோவின் வீட்டுக்குப் போனபோது காகிதத் துகள் அங்கே தயாராக இருந்தது. அவர் கேட்டது தூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி. ஊதினால் மலைக்கு அந்தப்பக்கம் நாய் குரைக்க வேண்டுமாம். வாங்கியாயிற்று. அதன் வாயில் ரிப்பன் கட்டி, ரிப்பனில் பெயர்.

பள்ளித் தலைமையாசிரியை தெல்ஃபினா ஒருவர்தான் பேரம் பேசவில்லை. நேர்மைக்குப் பேர் போன அம்மாள். காப்பியடித்த குற்றத்துக்குத் தன் மகனையே ஒரு வருஷம் நிறுத்திவைத்தவர். இவரிடம் எப்படிப் பொய்க் கையெழுத்துக் கேட்பது என்று அன்செல்மோ வாசலில் பத்து நிமிஷம் நின்றார். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், போட்டார், தேதியும் எழுதினார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், வந்ததே வந்தீர்கள், பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லை என்றார். உலகம் எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று எண்ணியபடியே அன்செல்மோ தொட்டிக்குச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை காலை பதினேழும் முடிந்தது. அப்பாடா என்று கதவைத் திறந்தால் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. பட்டியலிலேயே இல்லாதவர்கள். முன்னால் நின்ற சந்தைக்காரி சண்டைக்கு வந்தாள்.

"எங்க சங்கத்துக்கும்தான் உங்க ஐயா ஒண்ணும் தரல. எங்க கையெழுத்து மட்டும் கசக்குதா?"

"உங்களுக்கு அவர் ஞானத்தகப்பனே இல்லையேம்மா."

"அது எங்க குத்தமா?"

திருப்பி அனுப்பினால் வியாழக்கிழமை அந்த வாய் எங்கே திறக்குமோ. எழுதி வாங்கினார். சந்தைக்குத் தார்ப்பாய், தையல் சங்கத்துக்கு இயந்திரம், தேவாலயத்துக்கு ஒலிபெருக்கி. ஒவ்வொரு முறையும் இழுப்பறை திறக்கும்போது டான் ஃபெர்மின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இதற்குப் பதில் சிறைக்கே போயிருக்கலாமோ என்று முனகினார். மாலைக்குள் கையில் முப்பத்தொரு தாள். இத்தனை பேர் இத்தனை கூசாமல் பொய் சொல்வதை அன்செல்மோ தன் தொழிலில்கூடக் கண்டதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நியேவெஸ் அம்மாள் வந்தார். முப்பத்தொன்றையும் நிதானமாகப் படித்தார்.

"வானொலியில் அத்தனை பெருமை. கடைசியில் எதுவும் கொடுக்கவில்லையா?"

"வாய்தான் மேடம் பெருசு," என்றார் அன்செல்மோ தாழ்ந்த குரலில். "மனசு இருக்கு, வசதி இல்ல. ரெண்டு பசு."

அம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றினார். சரிபார்க்கப்பட்டது என்று எழுத இன்னும் ஒரு சாண் தூரம். அப்போது மலைக்கு அந்தப்பக்கம் நாய் குரைத்தது.

ஊரே திரண்டு நன்றி சொல்ல வந்துகொண்டிருந்தது. முன்னால் ரிப்பன் கட்டிய தூபா. பின்னால் இருபத்திரண்டு பேர், முதுகைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே பின்னோக்கி நடந்து வந்தார்கள். தோள்களின் மேல் டான் ஃபெர்மின், தலை தெரியாத அளவுக்குக் காகிதத் துகள். அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தமா, இழுப்பறை நினைவா என்று யாரும் கேட்கவில்லை. தேவாலயத்தின் புதிய ஒலிபெருக்கி, கொடுத்த பொருள்களின் பட்டியலை ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டு வந்தது.

நியேவெஸ் அம்மாள் சன்னல் வழியே பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பேனாவை மூடினார். மேசையிலிருந்த முத்திரையைத் தன் பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"ஒன்றும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வெளியே எல்லாம் வாங்கி நிற்கிறார்கள். இவர்களை யார் பொய் எழுத வைத்தது?"

அன்செல்மோ தாள்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார். அதற்குள் தலைமையாசிரியை தெல்ஃபினா வாசலில் வந்து நின்றிருந்தார். பொய் என்ற சொல் அவர் காதில் விழுந்து முகம் சிவந்துவிட்டது.

"பொய்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு வரைக்கும் அந்த மனுஷன் எங்களுக்கு ஒரு ஆணிகூடக் குடுத்ததில்ல; இந்த சார் வந்து, ஒண்ணும் வாங்கலைன்னு எழுதுங்கன்னு கெஞ்ச ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாம் குடுத்தாரு."