செல்ஃப் எடுக்காத டிராக்டர்

ரிப்பேர் பார்க்கிறவர் வேறு, என்ன ரிப்பேர் என்று பார்க்கிறவர் வேறு. முதல் வகை வேண்டுமென்றால் நீங்கள் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும். இரண்டாம் வகைக்கு எங்கும் அலைய வேண்டாம். உங்கள் வண்டி நின்ற இடத்துக்கு அவரே வந்து நிற்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்தில் ஒரு தட்டுத் தட்டி (செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சக்கரத்தை ஏன் தட்ட வேண்டும் என்று கேட்காதீர்கள், கேட்டால் இன்னொரு தட்டு விழும்), கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். என்ன ஆச்சு என்றல்ல. "யாரு கை வச்சது?" யாரோ ஒருவர் கை வைத்துத்தானே இருப்பார்? ஆனால் அந்த யாரோ ஒருநாளும் அவராக இருந்ததில்லை.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் எண்பதுகளில் இடைசெவல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தார். பெயர் பூவனலிங்கம். நூல் மில்லின் எலக்ட்ரிக் செக்‌ஷன் வாசலில் இரண்டு வருஷம் வாட்ச்மேன் வேலை பார்த்தவர். உள்ளே பேசியது வெளியே கேட்டிருக்காதா என்ன? வேட்டி மடிப்பில் எப்போதும் ஸ்க்ரூ திருக ஒரு திருப்புளி இருக்கும். பம்புசெட் நின்றாலும் ரேடியோ கரகரத்தாலும் முதலில் திருப்புளி நீளும், பின்னாலேயே தீர்ப்பு வரும். எர்த்து சரியில்லை, ஃபீஸ் லூசு, பேட்டரி வீக்கு. மூன்றில் ஒன்று. அவ்வப்போது பலிக்கவும் செய்தது; அதுதான் ஊருக்குப் பிடித்த சனியன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு, புருஷன் போன பிறகு நிலத்தைத் தனியே கட்டி ஆண்ட சங்கரம்மாளின் டிராக்டரை டிரைவர் செண்பகராஜ் கழுவித் துடைத்து நிறுத்தினான். மட்கார்டுக்கும் விளக்குக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவனைப் பூவனலிங்கம் தடுத்தார்.

"ஏலே, வண்டிக்கு உசுரு எங்க இருக்கு? பேட்டரியிலல்லா இருக்கு! அதுக்கு வைக்காம தகரத்துக்கு வச்சு என்னலே பிரயோசனம்?"

சொன்னதோடு நிற்கவில்லை. பேட்டரியில் கரண்டு வரும் இரண்டு குமிழ்களையும் கவ்வியிருந்த பட்டைகளைக் கழற்றி, குமிழ்களுக்குக் குழைத்த சந்தனத்தை வழியவழியப் பூசி, குங்குமம் வைத்து, பட்டைகளை மறுபடி இறுக்கிப் பூட்டினார். எல்லாரும் கும்பிட்டார்கள். நடுவில் காய்ந்த சந்தனத்தைத் தாண்டிக் கரண்டு போகாது என்பது சந்தனத்துக்கும் பேட்டரிக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி நல்ல மழை. கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். ஈரத்தில் கால் வைக்க விடாது, காய்ந்த பிறகு கலப்பை வைக்க விடாது. இடையில் கிடைக்கிற பதத்தில் விதை உள்ளே போய்விட வேண்டும். பதம் வந்த காலையில் செண்பகராஜ் சாவியைத் திருப்பினான். டக் என்றது. அவ்வளவுதான். தள்ளிப் பார்த்தார்கள், தள்ளியவர்கள்தான் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். மாடு கட்டி உழலாம் என்றால் ஊர் மாடெல்லாம் அவரவர் புஞ்சையில்.

"பேட்டரி வீக்கு" என்றார் பூவனலிங்கம். பேட்டரி பஸ் ஏறிக் கோவில்பட்டி போய், சார்ஜ் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலையில் திரும்பியது. ஒரு பகல் போயிற்று. கடைக்காரன் துடைத்துக் கொடுத்ததை அப்படியே பூட்டலாமா? "புதுச் சார்ஜுல்லா!" என்று மறுபடியும் தம் கையாலேயே சந்தனம் பூசிக் காயவிட்டுப் பூட்டினார். மறுபடியும் டக்.

"அப்பம் செல்ஃப் மோட்டாருதான் போச்சு. ஏலே செண்பகம், கழுவயில தண்ணிய எங்கன அடிச்ச?"

"சக்கரத்துலதான் அண்ணாச்சி அடிச்சேன்."

"பொய் சொல்லாதல!"

சங்கரம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். "அண்ணாச்சி, மண்ணு இறுகுது. இன்னைக்கு உளுந்து உள்ள போவலன்னா இந்த வருசம் எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

மோட்டாரைக் கழற்றுவதற்காகப் பேட்டரிப் பட்டையில் கை வைத்த பூவனலிங்கத்தின் நகத்தில் மஞ்சளாக ஏதோ பொரிந்து உதிர்ந்தது. மோந்து பார்த்தார். சந்தனம், தம் கையால் பூசியதேதான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டால் துடைத்திருந்தால் அந்த நிமிஷமே வண்டி கிளம்பியிருக்கும். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர்! நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கரண்டுச் சோலி. எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"நீங்க பாருங்க அண்ணாச்சி, நாங்க சும்மாதான நிக்கோம்."

நின்ற வண்டியைச் சுற்றிய கூட்டம் லேசில் கலையுமா? அவர்களுக்குப் பசி எடுக்கும்வரை பூவனலிங்கம் எதையெதையோ கழற்றி, கழற்றியதையே மாட்டிக்கொண்டிருந்தார். வெயில் மண்ணின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் போனபோது உச்சி சாய்ந்துவிட்டது. அவசர அவசரமாகத் திருப்புளியால் சுரண்டினார், துடைத்தார், பூட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிய உறுமலில் ஊரே சோற்றுக் கையோடு ஓடிவந்தது.

"எர்த்து" என்றார். "அப்பமே நெனச்சேன்."

இருட்டும்போது பாதி நிலம் முடிந்திருந்தது. லைட்டைப் போட்டு மீதியையும் ஓட்டிவிடலாம் என்றான் செண்பகராஜ். விடிய விடிய விளக்கு எரிந்துவிட்டால், பேட்டரி வீக்கு என்று அவர் சொன்னது பொய்யென்று ஊருக்குத் தெரிந்துபோகாதா? "வேண்டாம்ல! லைட்டப் போட்டா பேட்டரி படுத்துரும். காலைல பாப்போம்." அவர் பேச்சுக்கு அப்போது ஊரில் அப்பீல் கிடையாது. காலையில் மண் பொருக்குத் தட்டியிருந்தது. விதைத்தார்கள், முளைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சங்கரம்மாள் வரப்பில் நின்று, பச்சையாயிருந்த பாதியைக் காட்டி, "இதுவாவது வந்துச்சே, எல்லாம் அண்ணாச்சி புண்ணியம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பூவனலிங்கம் வெறுமையாய்க் கிடந்த பாதியைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தார். பிறகு குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பொடித்து, உதறினார்.

"தங்கச்சி, இந்தப் பக்கத்து மண்ணுல சத்து கொறஞ்சு போச்சு."

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மைத்துனரா? மேலதிகாரியா? எதிர்வீட்டுக்காரரா? அதில் தப்பில்லை. இப்படிப்பட்ட ஆள் யார் என்று பூவனலிங்கத்திடம் கேட்டிருந்தால் அவரும் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்லியிருப்பார், செண்பகராஜ் என்று. அது கிடக்கட்டும், உங்களுடைய செண்பகராஜ் யார்?