இருபது நிமிட ஆசை

இனிப்பின் மீது எழும் ஆசை இருபது நிமிடத்தில் தானாகவே தணிந்துவிடும் என்று மாவட்ட அலுவலகம் கண்டறிந்தது. அதை உடனடியாக நடைமுறைப்படுத்தும்படி ஃபெர்கானா பள்ளத்தாக்கிலுள்ள எங்கள் மஹல்லாவுக்கு, அதாவது எங்கள் பேட்டைக்கு, சுற்றறிக்கை வந்தது.

வீடுகளிலிருந்த சர்க்கரை, கற்கண்டு, அல்வா அனைத்தும் மஹல்லா அலுவலக அலமாரிக்கு வந்து சேர்ந்தன. சாவி, அண்ணன் முறையில் 'அகா' என்று நாங்கள் அழைக்கும் தலைவர் எர்காஷ்வாயிடம். முத்திரை செயலாளனாகிய என்னிடம். ஆசைப்படுகிறவர் நேரில் வந்து, ஆசை எத்தனை மணிக்கு வந்தது, காரணம் சோகமா, சலிப்பா, அடுத்த வீட்டு விருந்தா என்று படிவத்தில் எழுதித் தந்து, சுவரோர நாற்காலியில் உட்கார வேண்டும். இருபது நிமிடத்துக்குப் பிறகும் ஆசை இருந்தால் ஒரு கட்டி கற்கண்டு. நாற்காலி எட்டுத்தான் இருந்ததால் வரிசையில் நிற்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. நின்ற நேரம் உட்கார்ந்த நேரமாகாது என்று தலைவர் விளக்கினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

என் மகள் நஃபோசத் யாருக்காக ஏழு வருடம் காத்திருந்தாளோ, அந்த பக்ரோமின் வீட்டிலிருந்து ஒருநாள் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் பக்கம், வந்தவர்கள் முன் ரொட்டியைப் பிட்டுக் கற்கண்டு வைத்தால் சம்மதம். வெறும் தேநீர் என்றால் எழுந்து போகலாம். அன்று காலையிலேயே கற்கண்டு கேட்டுத் தலைவரிடம் போய் நின்றேன்.

"ஆசை யாருக்கு?"

"எனக்கில்ல, அகா. வர்ற விருந்தாளிங்களுக்கு."

"அவங்க ஆசைக்கு நீ எப்படி எழுதிக் குடுப்ப? என் பசிக்கு நீ சாப்பிடுவியா? இங்கயே கூட்டிட்டு வா."

கூட்டி வந்தேன். செயலாளன் என்ற செல்வாக்கில், பக்ரோமின் பெரியம்மா சபோஹத்துக்கும் இரண்டு சித்திகளுக்கும் வரிசையில் நிற்காமலே நாற்காலி கிடைத்தது. 'ஆசை எதன் மேல்' என்ற இடத்தில் பெரியம்மா 'செயலாளர் மகள்' என்று எழுதினார். தலைவர் அதை இரண்டு முறை படித்தார். இன்னதுதான் இனிப்பு என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து நிமிடம் என் மகளின் குணத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவள் வயதைப் பற்றி. அதன்பின், ஒரு கட்டி கற்கண்டு வாங்க வக்கில்லாத அப்பனைப் பற்றி, எனக்குக் கேட்கும்படி. இருபதாவது நிமிடம் தலைவர் கேட்டார்.

"இன்னும் இருக்கா?"

பெரியம்மா சித்திகளைப் பார்த்தார். "வரும்போது இருந்துச்சு. இப்ப அவ்வளவா இல்ல."

'ஆசை தணிந்தது' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். நான்கு மாதத்தில் இதுதான் முழு வெற்றி என்று தலைவர் என் கையைக் குலுக்கினார். முத்திரையை நான்தான் குத்தினேன். மறுத்திருக்கலாம். படிவத்தில் பிழை இல்லை என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பக்ரோமை மகள் தொலைபேசியில் அழைத்தாள். பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு அவன் என்ன செய்ய முடியும் என்றானாம். அவள் அழவில்லை.

"ஏழு வருஷமாச்சேப்பா. எனக்கு ஏன் தணியல?"

"நீ நாற்காலியில உட்காரலியேம்மா," என்றேன்.

மாவட்டம் எங்கள் அறிக்கையைப் பாராட்டி, பெண் கேட்க வருகிற அனைவரும் முதலில் இருபது நிமிடம் உட்கார வேண்டும் என ஆணையிட்டது. பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். சென்ற வாரம், இவ்வசதியைத் தங்களுக்கும் முன்தேதியிட்டு வழங்கக் கோரி மஹல்லாவின் மணமானவர்கள் மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து என் மனைவியுடையது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, அவளை உட்காரச் சொன்னேன்.

இருபது நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது. இன்னும் இருக்கிறதா என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.